களத்துத் தானியம் முதலில் யாருக்கு? கட்டாயக் கூட்டுப்பண்ணை: ஓர் எளிய விளக்கம்

அறுவடை முடிந்துவிட்டது. போரடித்து, தூற்றி, களத்தில் தானியம் குவிந்து கிடக்கிறது. இனி அதைப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று எந்தக் குடியானவருக்கும் யாரும் பாடம் எடுத்ததில்லை. முதலில் அடுத்த விதைப்புக்கு விதை எடுத்து வைப்பார்கள். அடுத்து வீட்டுச் சாப்பாட்டுக்கு. அப்புறம் ஆடுமாடுகளுக்கு. வரி, கடன் இருந்தால் அதைக் கட்டுவார்கள். மிஞ்சியது சந்தைக்குப் போகும். விளைச்சல் குறைந்த ஆண்டில் சந்தைக்குப் போவதுதான் குறையும். விதையில் கை வைக்கமாட்டார்கள்.

குடியானவர்களின் நிலத்தையும் குதிரையையும் கருவிகளையும் அரசு கட்டாயமாகச் சேர்த்து ஒரே பண்ணையாக்குவதுதான் கட்டாயக் கூட்டுப்பண்ணை. அதைப் பற்றிக் கேட்பவரிடம், இந்த வரிசையைத்தான் முதலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நில உடைமை, வர்க்கம், திட்டப் பொருளாதாரம் என்று புத்தகங்கள் பேசுவதெல்லாம் தேவைதான். ஆனால் உழுதவர் வீட்டுக்குள் என்ன நடந்தது என்றால், இந்த வரிசை தலைகீழானது. களத்துத் தானியத்தில் முதல் பங்கு அரசுக்கு, கடைசிப் பங்கு வீட்டுக்கு. இது புரிந்தால் பின்னால் வந்த பஞ்சமும் புரியும்.

இது சீனாவில் நடந்திருக்கிறது, வியட்நாமில் நடந்திருக்கிறது, கிழக்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் நடந்திருக்கிறது. தொடங்கியது சோவியத் ஒன்றியத்தில். அங்கேயே, சோவியத் உக்ரைனில் 1929 முதல் 1933 வரை நடந்ததை வைத்து இதைப் பார்ப்போம். கூட்டுப்பண்ணை என்றதும் நம்மில் பலருக்கு ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான பக்கங்களும், டிராக்டரும், சிரித்த முகங்களும் நினைவுக்கு வரும். அந்தப் படங்கள் எடுப்பதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாரும் அல்ல. அந்தக் காலத்து நடுத்தரக் குடியானவர் வீடு எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு வீடு. ஊர் உக்ரைனின் பொல்தாவா பக்கம், ஆண்டு 1928. புருஷன், மனைவி, மாமியார், நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் கைக்குழந்தை. சுண்ணாம்பு அடித்த மண்சுவர், வைக்கோல் கூரை. 6 ஹெக்டேர் நிலம், கிட்டத்தட்ட 15 ஏக்கர். உழுவதற்கு இரண்டு குதிரைகள், ஒரு கறவை மாடு, ஒரு பன்றி, கொஞ்சம் கோழிகள். நம் ஊர்க் கணக்கில் பெரிய சம்சாரி வீடு மாதிரி தெரியும். ஆனால் அங்கே ஆண்டுக்கு ஒரு போகம்தான், குளிர்காலம் நீளம். ஏழு பேர் சாப்பிட்டு, குதிரைகளுக்கும் தீனி போட்டுவிட்டால் பெரிதாக மிஞ்சாது. மண் மட்டும் அருமையான மண், நம் கரிசல் போலக் கறுத்தது.

இந்த நிலத்தில் ஒரு பகுதி 1917 புரட்சிக்குப் பிறகு, பண்ணையார் நிலங்களைப் பிரித்துக்கொண்டபோது வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் துப்பாக்கியோடு வந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 1921இல் லெனின் அதை நிறுத்தி, இவ்வளவுதான் வரி, மீதியை நீங்களே விற்றுக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகு ஆறேழு ஆண்டுகள் இந்தக் குடும்பம் நிம்மதியாக இருந்தது. புரட்சி தங்களுக்கு நிலம் கொடுத்தது என்று மனதார நம்பிய குடும்பம் இது. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். பின்னால் இவர்களைத்தான் புரட்சியின் எதிரிகள் என்றார்கள்.

அரசுக்கு ஏன் இது தேவைப்பட்டது?

முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928இல் தொடங்கியது. இரும்பாலை, மின்நிலையம், இயந்திரத் தொழிற்சாலை எல்லாம் வேண்டும். இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அதற்குக் கொடுக்க நாட்டிடம் இருந்த முக்கியமான பொருள்களில் ஒன்று தானியம். நகரத்தில் பெருகிவரும் தொழிலாளர்களுக்கும் ரொட்டி வேண்டும்.

ஆனால் அரசு தானியத்துக்குக் கொடுத்த விலை குறைவு. கிடைத்த காசுக்குத் துணியோ ஆணியோ வாங்கலாம் என்றால் கடையில் சரக்கில்லை. நம் பொல்தாவாக் குடியானவர் என்ன செய்வார்? தானியத்தை விற்காமல் வைத்துக்கொள்வார், இல்லை பன்றிக்குப் போட்டுக் கறியாக விற்பார். எந்த ஊர் விவசாயியும் அதைத்தான் செய்வார். 1927 கடைசியில் அரசின் கொள்முதல் சட்டென்று சரிந்தது. மாஸ்கோ இதைப் பதுக்கல் என்றது, சதி என்றது. 1928 ஜனவரியில் ஸ்டாலினே சைபீரியாவுக்குப் போய், தானியம் விற்க மறுப்பவர்கள்மேல் குற்றவியல் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் பாய்ச்சச் சொன்னார். கொள்ளை லாப வியாபாரிகளுக்கான பிரிவு அது. தன் வீட்டுக் களஞ்சியத்தில் தன் தானியத்தை வைத்திருந்தவர்மேல் அது பாய்ந்தது.

நாட்டில் சுமார் 2.5 கோடி குடியானவர் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேரம் பேசித் தானியம் வாங்குவது அரசுக்கு ஆகிற காரியமில்லை. அதுவே சில லட்சம் பண்ணைகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரைப் போட்டுவிட்டால், அவருக்கு ஒரு உத்தரவு போதும். தானியம் களத்திலிருந்து நேராக வண்டி ஏறிவிடும். சிறுசிறு துண்டு நிலங்களை ஒன்றாக்கினால் இயந்திரம் ஓட்டலாம், விளைச்சல் கூடும் என்ற வாதமும் இருந்தது. அதை உண்மையாகவே நம்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் டிராக்டர் வரும்வரை அரசு காத்திருக்கவில்லை. பெரும்பாலான ஊர்களில் குதிரையும் கலப்பையும்தான் முதலில் பொதுவானது.

கூட்டுறவும் இதுவும் ஒன்றல்ல

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கூட்டுறவு என்ற யோசனை ரஷ்யக் குடியானவருக்குப் புதிதல்ல. புரட்சிக்கு முன்பே சைபீரிய விவசாயிகள் வெண்ணெய்க் கூட்டுறவுகள் நடத்தி, ஐரோப்பாவுக்கு வெண்ணெய் ஏற்றுமதி செய்தார்கள். அதில் மாடு உங்களுடையது, பாலை மட்டும்தான் சேர்க்கிறீர்கள். பிடிக்காவிட்டால் விலகிவிடலாம்.

1920களில் சோவியத் கிராமங்களிலும் மூன்று விதக் கூட்டு முயற்சிகள் இருந்தன. ஒன்றில் உழவை மட்டும் சேர்ந்து செய்வார்கள், கால்நடை அவரவருடையது. ‘ஆர்ட்டெல்’ என்ற வகையில் நிலமும் குதிரையும் கருவிகளும் பொது. வீடும் தோட்டமும் சொந்தம். ‘கம்யூன்’ என்றால் எல்லாமே பொது. 1929 கோடை வரையில் மிகச் சிலரே இவற்றில் சேர்ந்திருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் நிலமோ குதிரையோ இல்லாத ஏழைகள். சேர்வதும் சேராமல் இருப்பதும் அவரவர் விருப்பமாக இருந்தது. 1929 நவம்பரில் ஸ்டாலின் ‘பெரும் திருப்பத்தின் ஆண்டு’ என்று எழுதினார். நடுத்தரக் குடியானவர்கள் தாமாகவே பண்ணைகளில் சேர்கிறார்கள் என்று அதில் சொன்னார். அப்படிச் சேரவில்லை. அதனால் சேர்த்தார்கள்.

நகரத் தொழிற்சாலைகளிலிருந்து 25,000 பேரைக் கிராமங்களுக்கு அனுப்பத் திரட்டினார்கள். பலருக்கு விதைப்பு எப்போது, அறுப்பு எப்போது என்பதே தெரியாது. ஊர்க்கூட்டம் போடுவார்கள். ‘யார் சேர விரும்புகிறீர்கள்?’ என்று கேட்பதில்லை. ‘சோவியத் ஆட்சிக்கு எதிரானவர் யார்?’ என்று கேட்பார்கள். ஒரு கையும் உயராது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொள்வார்கள்.

ஒரு கையும் உயராததற்குக் காரணம் இருந்தது. ‘குலாக்’ என்ற சொல் ஊருக்குள் வந்துவிட்டது. ரஷ்ய மொழியில் அதற்கு முஷ்டி என்று பொருள். உக்ரைனில் ‘குர்குல்’ என்பார்கள். முன்பெல்லாம் வட்டிக்குக் கொடுத்து ஊரைப் பிடிக்குள் வைத்திருப்பவனைத்தான் அப்படிச் சொல்வார்கள். இப்போது கூலிக்கு ஆள் வைத்தவர், சின்ன மாவுமில் வைத்தவர், இயந்திரத்தை வாடகைக்கு விட்டவர் எல்லோரும் குலாக் ஆனார்கள். அந்தக் கணக்கிலும் வராதவர் பண்ணையில் சேர மறுத்தால் ‘குலாக்கின் கையாள்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு விளக்கமே தேவையில்லை. யாரை வேண்டுமானாலும் அதில் அடைக்கலாம்.

1930 ஜனவரி 30 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையான அரசியல் குழு குலாக் குடும்பங்களை மூன்றாகப் பிரித்தது. முதல் வகையினருக்கு முகாம் அல்லது மரணம். இரண்டாம் வகையினரைக் குடும்பத்தோடு தொலைதூரத்துக்கு நாடுகடத்துவது. மூன்றாம் வகையினரை அந்த வட்டாரத்துக்குள்ளேயே மோசமான நிலத்துக்குத் துரத்துவது. எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று இலக்கு இருந்தது. இலக்கு இருந்தால் ஆளைத் தேடிப் பிடித்து நிரப்ப வேண்டுமே. நம் குடும்பத்தின் பக்கத்து வீட்டுக்காரரை அப்படிப் பிடித்தார்கள் என்று வையுங்கள். குளிர்கால இரவில் சறுக்கு வண்டியில் ஏற்றி ரயிலடிக்கு. அங்கிருந்து சரக்குப் பெட்டியில் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க், வோலக்தா பக்கம். அங்கே மூடப்பட்ட தேவாலயங்களுக்குள் அடுக்கடுக்காகப் பலகைப் படுக்கை போட்டு அடைத்தார்கள். குழந்தைகள் முதலில் செத்தார்கள். 1930, 1931 இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேர் இப்படி ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஊரிலேயே நன்றாக விவசாயம் தெரிந்தவர்கள் பலர் அந்த வண்டிகளில் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

மாடு போன நாள்

நிலம் போனதைவிட மாடு போனதுதான் வீட்டை உலுக்கியது. நிலம் காகிதத்தில் போனது. மாட்டைக் கையால் பிடித்துக் கொண்டுபோய்விட வேண்டும். அது குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாடு, பெண்கள் கையில் வளர்ந்த மாடு. சட்டப்படி வீட்டுக் கறவை மாட்டை எடுக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆனால் 1930 குளிர்காலத்தில், யார் அதிகம் சேர்த்தார்கள் என்று அதிகாரிகளுக்குள் போட்டி, கோழியைக்கூட விடவில்லை. ஊர் மாடுகளையெல்லாம் ஒரே இடத்தில் கட்டினார்கள். கொட்டகை இல்லை, தீவனம் இல்லை, யார் பொறுப்பு என்றும் தெரியாது. மாலையானால் பெண்கள் அங்கே போய்த் தங்கள் மாட்டைத் தேடிப் பிடித்து, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

வேறு பலர், கொண்டுபோய் விடுவதற்குப் பதில் வெட்டித் தின்றார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். வளர்த்தவர்களே வெட்டினார்கள் என்றால் அவர்கள் எந்த நிலையில் இருந்திருப்பார்கள்! 1928இல் சோவியத் ஒன்றியத்தில் ஏறக்குறைய 7 கோடி மாடுகள் இருந்தன. 1933இல் 4 கோடிக்கும் குறைவு. குதிரைகள் 3 கோடிக்கும் மேல் இருந்தது பாதியாகிவிட்டது. குதிரை போனால் உழவு போயிற்று, வண்டி போயிற்று, எருவும் போயிற்று. வந்த டிராக்டர்களால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. அடுத்த ஆண்டுகளில் விதைப்பு தாமதமானதற்கும், களை மண்டியதற்கும், கதிர் உதிர்ந்து வயலிலேயே கிடந்ததற்கும் இது பெரிய காரணம்.

பெண்கள்தான் முதலில் எதிர்த்து நின்றார்கள். ஆண்கள் முன்னால் வந்தால் சுடுவார்கள். பெண்கள் என்றால் சற்றுத் தயங்குவார்கள் என்ற கணக்கு. கூட்டமாகப் போய்க் கொட்டகையைத் திறந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதிகாரிகள் இதைப் ‘பெண்கள் கலகம்’ என்று பதிவுசெய்தார்கள். 1930 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 13,000க்கும் மேற்பட்ட கலவரங்கள் நடந்ததை அரசின் ரகசியப் போலீஸ் பதிவுகளே சொல்கின்றன. உக்ரைனில்தான் மிக அதிகம்.

ஸ்டாலின் ஒரு அடி பின்வாங்கினார். 1930 மார்ச் 2 அன்று கட்சியின் நாளிதழான பிராவ்தாவில் ‘வெற்றியால் தலைசுற்றல்’ என்ற கட்டுரை வந்தது. தவறெல்லாம் கீழ்மட்ட ஊழியர்கள் செய்தது, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். குடியானவர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பண்ணையை விட்டு வெளியேறினார்கள். பண்ணையில் இருந்த குடும்பங்கள் பாதிக்கும் மேலாக இருந்தது, சில மாதங்களில் கால்வாசிக்கும் கீழே போய்விட்டது. நம் குடும்பமும் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

எத்தனை நாளைக்கு? வெளியேறியவருக்குப் பழைய நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. ஊர்க் கோடியில் தரிசோ மேடோ கிடைத்தது. பண்ணைக்கு வெளியே தனியாக உழுதவர்களுக்கு வரி ஏறிக்கொண்டே போனது, தானிய ஒதுக்கீடும் ஏறியது. கட்ட முடியாவிட்டால் சாமான்களை ஏலம் விட்டார்கள். 1932 வாக்கில் உக்ரைன் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மறுபடி உள்ளே.

உழைப்பு நாள் என்ற கணக்கு

பண்ணைக்குள் சம்பளம் கிடையாது. ‘துருதோதென்’, அதாவது உழைப்பு நாள் என்று ஒரு அளவு வைத்தார்கள். பெயர்தான் நாள், உண்மையில் அது புள்ளி. காவலுக்கு நின்றால் அரைப் புள்ளி, உழுதால் ஒன்றரை, இரண்டு என்று வேலைக்குத் தகுந்தபடி. ஆண்டு முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். ஒரு புள்ளிக்கு எவ்வளவு தானியம் என்பது அறுவடை முடியும்வரை யாருக்கும் தெரியாது.

ஏன் தெரியாது? களத்தில் குவிந்ததிலிருந்து முதலில் அரசின் ஒதுக்கீடு போகும். அப்புறம் டிராக்டர் நிலையத்துக்கு, அது உழுததற்கான கூலியாகத் தானியம் போகும். டிராக்டர்கள் பண்ணைக்குச் சொந்தமில்லை; அரசின் தனி நிலையத்துக்குச் சொந்தம். அப்புறம் விதை, தீவனம், பண்ணை நிதி. இவ்வளவும் போய் மிஞ்சியதை மொத்தப் புள்ளியால் வகுத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் சொன்ன வரிசையை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுக்காரருக்கு 250 புள்ளி, மனைவிக்கு 150, மொத்தம் 400. புள்ளிக்கு ஒன்றரைக் கிலோ கிடைத்தால் 600 கிலோ. ஏழு பேருக்கு, ஓர் ஆண்டுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோவுக்கும் குறைவு. புள்ளிக்கு அரைக் கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 கிராம்கூட வராது. அது கையளவு தானியம். மழை பொய்த்தாலும் ஒதுக்கீடு குறையாவிட்டால், மிச்சம் சுழியம்தான். நஷ்டம் முழுவதும் கடைசியில் நிற்பவர் தலையில் விழும்.

1930 நல்ல விளைச்சல். அதைப் பார்த்து அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை ஏற்றினார்கள். 1931 விளைச்சல் சரியில்லை. ஆனாலும் 1931இல் சுமார் 50 லட்சம் டன் தானியம் நாட்டை விட்டு ஏற்றுமதியானது. உக்ரைனில் விதைத் தானியத்தையும் சேர்த்து எடுத்தார்கள். 1932 வசந்தத்திலேயே சில ஊர்களில் பட்டினிச் சாவு தொடங்கிவிட்டது.

திரிகையை உடைத்தார்கள்

1932 ஆகஸ்ட் 7 அன்று ஒரு சட்டம் வந்தது. பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை. தணிக்கும் காரணம் இருந்தால் பத்தாண்டுச் சிறை. அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதும் திருட்டு என்று வழக்குப் போட்டார்கள். அதனால் மக்கள் இதைக் ‘கதிர்ச் சட்டம்’ என்றார்கள். வயல் நடுவே காவல் கோபுரம் கட்டினார்கள். தாங்கள் உழுது விதைத்த வயலில் உதிர்ந்ததைப் பிள்ளைகள் பொறுக்கினால் குற்றம். கீவ் நகரத்துப் பஞ்ச நினைவகத்தின் முன்னால் இன்று ஒரு சிலை இருக்கிறது. எலும்பும் தோலுமாக ஒரு சிறுமி, நெஞ்சோடு அணைத்த கையில் ஐந்து கதிர்.

இலையுதிர் காலத்தில் சோதனைக் குழுக்கள் வீடு வீடாக வந்தன. குழுவில் வெளியாட்கள் மட்டுமில்லை, உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கையில் நீளமான கூர்த்த இரும்புக் கம்பி. அதைத் தரையில், அடுப்படியில், கூரை வைக்கோலில், தொழுவத்துச் சாணிக் குவியலில் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். மண் எங்கே இளக்கமாக இருக்கிறதோ அங்கே தோண்டுவார்கள். பானையில் ஊறவைத்த பயறு, தொட்டிலுக்கு அடியில் வைத்த ஒரு படி தானியம் எல்லாம் போகும். பல ஊர்களில் திரிகையையும் உடைத்தார்கள். மாவு அரைக்கும் கல் வீட்டில் இருந்தால் அரைக்க எதையோ ஒளித்து வைத்திருக்கிறாய் என்றுதானே அர்த்தம் என்பது அவர்கள் வாதம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் கிடந்த திரிகை ஞாபகம் வந்தது. மூன்று தலைமுறைப் பெண்களின் கைபட்டு அதன் மரப்பிடி வழுவழுவென்றிருக்கும். அதைப் போட்டு உடைக்க ஒருவருக்கு எப்படிக் கை வந்திருக்கும் என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1932 நவம்பர் 18 உத்தரவின்படி, தானிய ஒதுக்கீட்டை முடிக்காதவர்களுக்கு இறைச்சியாகவும் உருளைக்கிழங்காகவும் அபராதம். தானியம் இல்லாதவர் வீட்டில் இருந்த கடைசி உணவும் அதுதான். ஒதுக்கீடு முடிக்காத ஊர்களைக் ‘கரும்பலகை’யில் ஏற்றினார்கள், அந்த ஊர்க் கடைக்கு உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எதுவும் வராது. சரி, ஊரை விட்டுப் போய்விடலாம் என்றால் 1933 ஜனவரி 22 அன்று, உக்ரைனிலிருந்தும் அதை ஒட்டிய குபான் பகுதியிலிருந்தும் குடியானவர்கள் வெளியேறுவதைத் தடுக்க ஸ்டாலினும் அரசின் தலைவர் மொலோதோவும் உத்தரவிட்டார்கள். ரயில் பயணச்சீட்டு கொடுக்கவில்லை. வழியில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதே காலத்தில் கொண்டுவந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டு, அதாவது நாட்டுக்குள்ளேயே ஊர் மாறிப் போய்த் தங்கத் தேவையான அடையாளச் சீட்டு, நகரத்தாருக்குத்தான், கூட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் கிடையாது.

‘தோர்க்சின்’ என்ற அரசுக் கடைகள் மட்டும் திறந்திருந்தன. தங்கமோ வெள்ளியோ கொடுத்தால் மாவு தருவார்கள். கல்யாண மோதிரம், கழுத்துச் சிலுவை, கிழவியின் காதணி எல்லாம் அங்கே நிறுவைக்குப் போயின. நம் வீட்டு மாமியாரிடம் ஒரு மோதிரம் இருந்திருந்தால் அந்த வீடு இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்திருக்கும். அந்த வீட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. வீடே கற்பனை. அந்த ஊர்களின் சாவு கற்பனை அல்ல. அந்தப் பஞ்சத்தில் உக்ரைனில் இறந்தவர்கள் சுமார் 39 லட்சம் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் கணக்கு. கஜக்ஸ்தானில் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த மக்களைக் கட்டாயமாகக் குடியமர்த்தி, மந்தைகளைப் பறித்தபோது ஏறக்குறைய 15 லட்சம் பேர் இறந்தார்கள். 1937இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது எண்ணிக்கை குறைந்தது வெளிப்பட்டது. அரசு அந்தக் கணக்கைப் பூட்டிவைத்தது. எடுத்த அதிகாரிகளைக் கைது செய்தது.

பஞ்சத்துக்குப் பிறகு பண்ணை கலையவில்லை. 1935இல் வந்த மாதிரி விதிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் கால் முதல் அரை ஹெக்டேர் வரை கொல்லையும் ஒரு பசுவும் அனுமதித்தன. அந்தக் கொல்லைதான் கிராமத்தைக் காப்பாற்றியது. பகலெல்லாம் பண்ணையில் புள்ளிக்கு வேலை, விடியுமுன்னும் இருட்டிய பிறகும் கொல்லையில் கிழங்கும் முட்டைக்கோசும். கொல்லையில் விளைந்ததை முதலில் சாப்பிடுபவர் விளைவித்தவர், வித்தியாசம் அவ்வளவுதான். மொத்தச் சாகுபடி நிலத்தில் இந்தக் கொல்லைகள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் நாட்டின் உருளைக்கிழங்கிலும் காய்கறியிலும் பாலிலும் முட்டையிலும் பெரும்பங்கு பல பத்தாண்டுகளுக்கு அங்கிருந்துதான் வந்தது. கறுப்பு மண் நிறைந்த அந்த நாடு 1963இல் கனடாவிடம் கோதுமை வாங்கியது.

சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் அந்தக் காலத்துப் பெயரை ரஷ்ய மொழியில் சுருக்கினால் வரும் ‘வி.கே.பி.’ என்ற எழுத்துகளுக்கு, ‘இரண்டாவது பண்ணையடிமை முறை’ என்று குடியானவர்கள் தங்களுக்குள் விரிவு சொல்லிக்கொண்டார்கள். முதலாவது பண்ணையடிமை முறை 1861இல்தான் ஒழிந்தது. 1930இல் ஊரில் இருந்த கிழவர்கள் சிலர் அந்த முறையில் பிறந்தவர்கள். அவர்களுக்கு அதன் அடையாளம் தெரியும். எசமான் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது என்பதுதான் அதன் முதல் அடையாளம்.

கூட்டுப்பண்ணைக்காரர்களுக்கும் கடவுச்சீட்டு கொடுக்கலாம் என்ற முடிவு 1974இல் வந்தது. கொடுக்கத் தொடங்கியது 1976இல். 1928இல் அந்தப் பொல்தாவா வீட்டில் கைக்குழந்தையாக இருந்த பெண் பிழைத்திருந்தால், தனக்கென்று ஒரு கடவுச்சீட்டு வாங்கும் உரிமை அவருக்குக் கிடைத்தபோது வயது 48.